காஸ்ட்ராட்டோ பாடகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ்ட்ராட்டோ என்று யாரைச் சொல்கிறோம்?

மகரக்கட்டு உடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்டு, அதனால் சிறுவயதுக் குரல் தடிக்காமல் நின்று, அதன்பின் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றுத் தொழில்முறைப் பாடகரான ஆண். பன்மையில் காஸ்ட்ராட்டி. குரல் எந்த உயரத்தில் நின்றது என்பதைப் பொறுத்து, மிக உயர்ந்ததை சொப்ரானோ, அதற்கு அடுத்ததை ஆல்ட்டோ என்று பிரித்தார்கள்.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சுமார் 350 ஆண்டுகள் இந்த மரபு நீடித்தது. பாடகர்களை உருவாக்கியது பெரும்பாலும் இத்தாலி மட்டுமே. மியூனிக், வியன்னா, லண்டன், மாட்ரிட், வார்சா ஆகிய ஊர்களின் அரசவைகளும் அரங்குகளும் இத்தாலியிலிருந்து அவர்களை வரவழைத்துக்கொண்டன. இதற்கு முன்பு பைசாந்தியப் பேரரசின் தேவாலயங்களிலும் அண்ணகர்கள் (விதை நீக்கப்பட்ட ஆண்கள்) பாடியிருக்கிறார்கள். 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதோடு அந்த மரபு அற்றுப்போனது.

விதை நீக்கினால் குரல் ஏன் தடிப்பதில்லை?

பருவ வயதில் விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் குரல்வளையைப் பெரிதாக்குகிறது. குருத்தெலும்பு முன்னால் புடைக்கிறது, குரல்வளை கழுத்தில் கீழிறங்குகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வளர்ந்த ஆணின் குரல் நாண் 17 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும், பெண்ணுக்கு 12.5 முதல் 17.5 வரை. அந்தச் சுரப்பு இல்லாவிட்டால் நாண் குட்டையாகவே, மெல்லியதாகவே நின்றுவிடும். சுருதியும் கீழே இறங்காது.

ஆனால் உடலின் மற்ற பாகங்கள் வளர்வது நிற்பதில்லை. கை கால் எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்தட்டுகள் மூடுவதற்கும் பாலியல் சுரப்புகளே காரணம். அவை இல்லாததால் தட்டுகள் காலம் கடந்தும் திறந்தே இருந்தன, எலும்புகள் நீண்டுகொண்டே போயின. மார்புக்கூடும் பெரிதானது. ஆக, ஒரு சிறுவனின் குரல் நாணுக்கு ஒரு பெரிய ஆளின் மூச்சு கிடைத்தது. நுரையீரல் தரும் காற்று அதிகம், நாண் கேட்கும் காற்று குறைவு. ஒரே மூச்சில் மிக நீண்ட சொற்றொடர்களைப் பாட முடிந்ததற்கு இதுவே உடல்ரீதியான அடிப்படை. வாய், தொண்டை, மூக்குப் பள்ளங்களும் பெரியவர் அளவில் இருந்ததால் ஒலியின் நிறம் சிறுவனுடையதாகவும் இல்லை, பெண்ணுடையதாகவும் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் அதைத் தனி வகைக் குரலாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதை முழுமையாகப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிய வேண்டும். பருவம் வந்து குரல் உடைந்த பிறகு விதை நீக்கினால் குரல் மேலே திரும்பாது. நீண்டுவிட்ட நாண் மறுபடி குறுகுவதில்லை.

உடலில் வேறு என்ன விளைவுகள்?

அளவுக்கு மீறிய உயரம், நீண்ட கை கால்கள், தாடி மீசை இன்மை, இடுப்பிலும் மார்பிலும் கொழுப்பு சேர்தல், மலட்டுத்தன்மை, வயதானபின் எலும்புத் தேய்மானம். அக்காலக் கேலிச்சித்திரங்கள் இவர்களைக் கொக்குபோல வரைந்தது வெறும் வன்மமல்ல, ஓரளவு உண்மையும்கூட.

இதற்கு நேரடிச் சான்று உண்டு. மிகப் புகழ்பெற்ற காஸ்ட்ராட்டோவான ஃபாரினெல்லியின் எலும்புகள் 2006இல் பொலோனியாவின் செர்தோசா கல்லறையிலிருந்து ஆய்வுக்காகத் தோண்டி எடுக்கப்பட்டன. ஆள் நல்ல உயரம் என்பது தெரிந்தது. எலும்பு நலிவின் அடையாளங்கள் இருந்தன. நெற்றி எலும்பின் உட்புறம் தடித்திருந்தது. பொதுவாக மாதவிடாய் நின்ற பெண்களிடம் காணப்படும் மாற்றம் அது. ஆண் சுரப்பு ஒரு வாழ்நாள் முழுக்க இல்லாமல்போனதை அந்த எலும்பே காட்டிக்கொடுத்தது.

எந்த வயதில், யார் செய்தார்கள்?

பெரும்பாலும் 7 முதல் 12 வயதுக்குள். அதற்கு முன்பு செய்தால் பையனுக்குச் சங்கீதம் வருமா என்று தெரியாது. தாமதித்தால் குரல் உடைந்துவிடும். அபினோ வேறு மயக்க மருந்தோ கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் செய்வது வழக்கம். கிருமிநீக்கமும் முறையான மயக்க மருந்தும் இல்லாத காலம் அது. ரத்தப்போக்காலும் சீழ் பிடித்தும் அபின் கூடிப்போயும் பையன்கள் செத்திருக்கிறார்கள்.

நடு இத்தாலியின் நோர்ச்சா என்னும் மலையூர்க்காரர்கள் பன்றி வெட்டுவதிலும் பன்றிக்குக் காயடிப்பதிலும் பேர்போனவர்கள். குடலிறக்கம், சிறுநீரகக் கல் போன்ற அறுவைகளையும் ஊர் ஊராகப் போய்ச் செய்துவந்தார்கள். பையன்களுக்குச் செய்யும் வேலையும் அவர்கள் கைக்கு வந்தது. பொலோனியாவின் மருத்துவர்களுக்கும் இதில் பெயர் உண்டு.

அது சட்டப்படி குற்றமாக இல்லையா?

குற்றம்தான். திருச்சபைச் சட்டத்தில் விலக்கிவைக்கும் அளவுக்குத் தண்டனை உண்டு. மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே அனுமதி. அதனால் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது: குதிரையிலிருந்து விழுந்துவிட்டான், பன்றி கடித்துவிட்டது, குடலிறக்கம். யாரும் துருவிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்த திருச்சபையே அந்தக் குரல்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி 1770இல் இத்தாலி முழுக்கப் பயணம் செய்தபோது, இது எங்கே நடக்கிறது என்று போகிற இடமெல்லாம் விசாரித்தார். மிலானில் வெனிஸ் என்றார்கள். வெனிஸில் பொலோனியா என்றார்கள். பொலோனியாவில் இல்லவே இல்லை, ஃபுளோரன்ஸ் என்றார்கள். ஃபுளோரன்ஸ் ரோமைக் காட்டியது, ரோம் நேபிள்ஸைக் காட்டியது. எல்லா ஊரிலும் வெட்கப்பட்டார்கள், எந்த ஊரிலும் நிறுத்தவில்லை.

தேவாலயத்துக்கு இவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் புனித பவுல், சபைகளில் பெண்கள் பேசாதிருக்கட்டும் என்கிறார். இதைப் பாட்டுக்கும் பொருத்தி, வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களைச் சேர்க்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பல குரல் இசை வளர வளர, மேல்குரல் பகுதிகள் நீண்டன, சிக்கலாயின. அவற்றைப் பாட இரண்டே வழிகள். சிறுவர்கள்: பாடம் நன்றாக ஏறும் வேளையில் குரல் உடைந்துவிடும், மூச்சும் போதாது. ஃபால்செட்டோ என்னும் பொய்க்குரலில் பாடும் வளர்ந்த ஆண்கள்: ஸ்பெயினிலிருந்து வந்த பாடகர்கள் இதில் கெட்டிக்காரர்கள், ஆனால் உச்சிக்குப் போகப்போக ஒலி மெலியும்.

காஸ்ட்ராட்டோ இந்த இரண்டு குறையையும் ஒரேயடியாகத் தீர்த்தான். 1589இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ், புனித பேதுரு பேராலயத்தின் பாடகர் குழுவை மாற்றியமைத்து ஓர் ஆணை வெளியிட்டார். பேஸ் (ஆண்களின் தாழ்குரல்), டெனர் (ஆண்களின் உயர்குரல்), ஆல்ட்டோ குரல்களுக்குத் தலா நால்வர். சொப்ரானோவுக்குத் தேர்ச்சியுள்ள அண்ணகர்கள் கிடைத்தால் 4 பேர், கிடைக்காவிட்டால் சிறுவர்கள் 6 பேர். நான்குக்கு ஆறு என்ற இந்தக் கணக்கிலேயே ஒரு காஸ்ட்ராட்டோவின் குரல் வலிமை தெரிந்துவிடுகிறது. 1599இல் பியெத்ரோ பாவ்லோ ஃபோலின்யாத்தோ, ஜிரோலமோ ரோசினி என்னும் இருவர் வத்திக்கானில் திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயக் குழுவில் வெளிப்படையாகவே காஸ்ட்ராட்டி என்று பதிவாகிச் சேர்ந்தார்கள்.

பிற்பாடு இதை எதிர்த்த ஆயர்களும் உண்டு. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், ஆயர்கள் இதற்குத் தடை போட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். பாட்டுக்காக வரும் கூட்டம் கோயிலுக்கு வராமல் போய்விடும் என்ற கவலை அதில் இருந்தது.

பெற்றோர் எப்படி மனம் வந்து ஒப்புக்கொண்டார்கள்?

17ஆம் நூற்றாண்டு இத்தாலி வறுமையும் கொள்ளைநோயும் மலிந்த நாடு. பிள்ளைகளில் ஒருவரைத் துறவு மடத்துக்கு அனுப்புவது அன்று வழக்கம். திருமணமின்றி வாழ்வது இழிவாகவும் தெரியவில்லை. தேவாலயப் பாடகர் வேலை சாகும்வரை சம்பளம், வயதானால் ஓய்வூதியம். பிள்ளையை மடத்துக்கு எழுதிவைப்பதுபோலவே இதையும் பல குடும்பங்கள் பார்த்தன. சில பையன்களைப் பாட்டு வாத்தியாரோ ஊர்ப் பிரபுவோ செலவை ஏற்று அழைத்துப்போவார்கள். வாத்தியாரோடு பல ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, பிற்கால வருமானத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று முடிவு செய்வதும் உண்டு. பையனே விரும்பிக் கேட்டுக்கொண்டான் என்று மனு எழுதிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. எட்டு வயதுப் பையனின் விருப்பத்துக்கு என்ன மதிப்பு என்பதை அந்த மனுக்களைப் படிப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

பயிற்சி எப்படி இருந்தது?

கத்தியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பாடகனை உண்டாக்கியது இந்தப் பயிற்சிதான், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரோமில் விர்ஜிலியோ மத்சோக்கி நடத்திய பள்ளியில் படித்த காஸ்ட்ராட்டோ பொந்தெம்பி, அங்கே ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று 1695இல் எழுதினார். காலையில் கடினமான, வாய்க்கு எளிதில் வராத துண்டுகள் ஒரு மணி நேரம். டிரில் என்ற இரண்டு ஸ்வர அசைவுக்குத் தனியாக நேரம். பிருகா போன்ற வேகமான ஓட்டங்களுக்குத் தனி நேரம். இலக்கியப் படிப்பு. பிறகு ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடிக்கு எதிரே நின்று பாடுதல். புருவம் சுளிக்கக் கூடாது, வாய் கோணக் கூடாது, உடம்பு ஆடக் கூடாது. பிற்பகலில் அரை மணி நேரம் இசை இலக்கணம், அப்புறம் எதிர்ச்சுரம், அதாவது ஒரு மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் இன்னொரு மெட்டு, அமைக்கும் பாடம். அதை அழித்து அழித்து எழுதும் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். மறுபடி இலக்கியம். மீதி நேரத்தில் பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டு வாசிப்பது, ஒரு விவிலியச் சங்கீதத்துக்கோ மோட்டெட் என்னும் பலகுரல் வழிபாட்டுப் பாடலுக்கோ மெட்டமைப்பது. சில நாள்களில் ஆஞ்செலிகா வாயிலைத் தாண்டி மோந்தெ மாரியோ பக்கம் போய், எதிரொலி கேட்கும் இடத்தில் நின்று பாடுவார்கள். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

நேபிள்ஸில் நான்கு கன்சர்வத்தோரியோக்கள் இருந்தன: சாந்தா மரியா தி லொரேதோ, பியெத்தா தெய் துர்கீனி, சாந்த் ஓனோஃப்ரியோ, போவெரி தி ஜேசு கிறிஸ்தோ. எல்லாம் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிகளாகத் தொடங்கி இசைப் பள்ளிகளானவை. பர்னி 1770இல் சாந்த் ஓனோஃப்ரியோவுக்குள் போனார். ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டு, அதைவிட அதிகமாக வயலின்கள், நடுவே பாடும் பையன்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு பாட்டை வெவ்வேறு சுருதியில் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். படுக்கைகளும் அதே அறையில்தான். அந்தப் பள்ளியில் அப்போது காஸ்ட்ராட்டி 16 பேர். அவர்கள் மட்டும் மேல்மாடியில், கதகதப்பான அறைகளில் தூங்கினார்கள். சளி பிடித்துவிடக் கூடாதே என்ற பயம். மற்றப் பையன்களைவிட அவர்களைப் பொத்திப் பாதுகாத்தார்கள், முதலீடு பெரிதல்லவா.

பாட்டில் முதன்மையாகக் கற்றவை இரண்டு. ஒன்று, மெஸ்ஸா தி வோச்சே: ஒரே ஸ்வரத்தில் கார்வை பிடித்து, நூல் இழைபோலத் தொடங்கி, மெல்ல மெல்ல முழு ஒலிக்கு ஏற்றி, அதே அளவு மெல்ல இறக்கி, ஸ்ருதி துளியும் விலகாமல் முடிப்பது. ஒலி கூடும்போது சுருதி ஏறிவிடும், குறையும்போது தொய்ந்துவிடும். இந்த இரண்டையும் தடுப்பதுதான் பயிற்சியின் சாரம். இரண்டு, மார்புக் குரலையும் தலைக் குரலையும் இணைக்கும் இடத்தை ஒட்டுத் தெரியாமல் மறைப்பது. தானே காஸ்ட்ராட்டோவும் ஆசிரியருமான பியெர் ஃபிரான்செஸ்கோ தோசி 1723இல் வெளியிட்ட பாடநூலில் இதை வலியுறுத்துகிறார்: இணைப்பு சரியில்லாவிட்டால் குரல் பல தளங்களாக உடைந்து அழகு கெடும்.

எல்லாரும் புகழ்பெற்றார்களா?

இல்லை. பெரும் அரங்குகளில் நாயகனாக நின்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பெரும்பாலோர் ஏதோ ஓர் ஊரின் தேவாலயப் பாடகர்களாகவே வாழ்ந்து முடிந்தார்கள். அறுவைக்குப் பிறகு குரல் கெட்டவர்கள், ஸ்ருதி சேராதவர்கள், பாடமே ஏறாதவர்கள் உண்டு. குரலுக்கான விலையை அவர்களும் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள், கையில் எதுவும் கிடைக்கவில்லை.

மேடை ஏறியவர்களிலும் எல்லாரும் திறமைசாலிகள் அல்லர். 1781இல் மியூனிக்கில் அரங்கேறிய மோட்சார்ட்டின் 'இதொமெனேயோ' என்ற ஓபராவில் (இசை நாடகத்தில்) இளவரசன் வேடம் வின்சென்சோ தால் பிராத்தோவுக்கு. அவருக்கு வேடம் முழுவதையும் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று மோட்சார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் அலுத்துக்கொள்கிறார்.

18ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 4,000 சிறுவர்களுக்கு விதை நீக்கினார்கள் என்கிறார்களே?

நம்பத்தக்க கணக்கெடுப்பு எதன்மீதும் நிற்காத எண். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதிப் பரவியது. நேபிள்ஸின் ஒரு பெரிய பள்ளியிலேயே 16 பேர்தான் இருந்தார்கள் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓபராவில் சீசர் போன்ற வீரனுக்கு ஏன் உச்சக் குரல்?

இன்றைய காதுக்கு இதுதான் மிகப் பெரிய குழப்பம். அன்று உயர்ந்த குரல் பெண்மையின் அடையாளம் அல்ல. இளமை, உயர்குடிப் பிறப்பு, தெய்வாம்சம் ஆகியவற்றின் அடையாளம். பேஸ் குரல் கிழவர்களுக்கும் தளபதிகளுக்கும் வில்லன்களுக்கும். டெனர் பெரும்பாலும் தந்தைக்கோ இரண்டாம் நிலை அரசனுக்கோ.

பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால்தான் ஓபராவில் காஸ்ட்ராட்டி வந்தார்கள் என்று சொல்வது பாதி உண்மை. அந்தத் தடை ரோமிலும் திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளிலும் இருந்தது. அங்கே நாயகி வேடத்தையும் இவர்களே போட்டார்கள். வெனிஸிலும் லண்டனிலும் அப்படித் தடை இல்லை. அங்கே பெண் பாடகர்களுக்குப் பக்கத்திலேயே காஸ்ட்ராட்டி நாயகர்களாக நின்றார்கள், ஏனென்றால் ரசிகர்களுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

1724 பிப்ரவரி 20 அன்று லண்டனில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஹாண்டலின் 'ஜூலியோ செசாரே' (ஜூலியஸ் சீசர்) ஓபராவை எடுத்துக்கொள்ளுங்கள். சீசர்: ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோ செனெசினோ. எகிப்திய அரசன் தோலமி: இன்னொரு காஸ்ட்ராட்டோ, பெரென்ஷ்டாட். பணியாள் நிரேனோ: மூன்றாவது காஸ்ட்ராட்டோ. ஆனால் ரோமத் தளபதி பாம்பேயின் மகன் செக்ஸ்துஸ், இளைஞன் வேடம், அதைப் பாடியது துராஸ்தாந்தி என்ற பெண். தளபதி அகில்லாவுக்குத்தான் பேஸ் குரல். பாடுபவர் ஆணா பெண்ணா என்பது அங்கே இரண்டாம் பட்சம், குரலின் உயரமே வேடத்தின் தகுதியைச் சொன்னது.

தெரிந்திருக்க வேண்டிய பெயர்கள்?

ஃபாரினெல்லி, இயற்பெயர் கார்லோ புரோஸ்கி (1705–1782). தென் இத்தாலியின் ஆந்திரியா ஊரில் பிறந்தவர், நேபிள்ஸில் பாட்டு ஆசிரியர் பொர்போராவின் மாணவர். 1734 முதல் 1737 வரை லண்டனில், ஹாண்டலுக்குப் போட்டியாகப் பிரபுக்கள் நடத்திய குழுவில் பாடினார். 'ஒரே கடவுள், ஒரே ஃபாரினெல்லி' என்ற கூச்சல் அப்போது எழுந்தது. ஓவியர் ஹோகார்த் அதைத் தன் 1735 செதுக்கோவியம் ஒன்றிலேயே பொறித்துவிட்டார். புகழின் உச்சியில், 32 வயதில், ஸ்பெயின் போனவர் அதன்பின் பொதுமேடை ஏறவில்லை. மன அழுத்தத்தில் கிடந்த ஐந்தாம் பிலிப் மன்னருக்காக அரண்மனைக்குள் மட்டும் பாடினார். அடுத்த மன்னர் ஆறாம் ஃபெர்டினாண்ட் காலத்தில் அரசவை ஓபராவின் முழுப் பொறுப்பும் அவர் கையில். 1750இல் கலத்ராவா வீரர் பட்டம். 1759இல் ஆட்சி மாறியதும் பொலோனியாவுக்குத் திரும்பி அங்கேயே காலமானார்.

செனெசினோ, ஹாண்டலின் ஆல்ட்டோ நாயகன். கஃபரெல்லி, பொர்போராவின் இன்னொரு மாணவர். 1738இல் ஹாண்டலின் 'செர்சே'யில் பாரசீக மன்னனாக வந்து, ஒரு மரத்தின் நிழலைப் புகழும் 'ஓம்ப்ரா மாய் ஃபூ'வை முதலில் பாடியவர் இவரே. குவாதாஞ்ஞி, 1762இல் வியன்னாவில் இசையமைப்பாளர் குளுக்கின் 'ஓர்ஃபேயோ' ஓபராவில் நாயகனாக நின்றவர். ரவுத்சீனி, இவருக்காகத்தான் 16 வயது மோட்சார்ட் 1773 ஜனவரியில் மிலானில் 'எக்சுல்தாத்தே யூபிலாத்தே'யை எழுதினார். வெல்லூத்தி, ஓபரா மேடையின் கடைசிப் பெரிய காஸ்ட்ராட்டோ. இசையமைப்பாளர்களான ரோசினி 1813இலும் மையர்பேர் 1824இலும் இவருக்கு வேடம் எழுதினார்கள்.

மெட்டில் இல்லாத அலங்காரங்களைச் சேர்த்துப் பாடினார்களா?

பாடியே ஆக வேண்டும். அக்காலத்து ஆரியா (ஓபராவின் தனிப்பாட்டு) பெரும்பாலும் மூன்று பகுதி: முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, பிறகு மறுபடி முதல் பகுதி. திரும்ப வரும்போது எழுதியபடியே பாடினால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஸ்வரங்களை உடைத்து, இடைவெளிகளை நிரப்பி, முடிவுக்கு முன் வாத்தியங்களை நிறுத்திவைத்துத் தனியாக ஒரு கடென்சா. எழுதிக் கிடைக்கும் தாள் என்பது எலும்புக்கூடு மட்டுமே. அதனால்தான் அன்றைய இசைப்பிரதியைப் பார்த்து 'இதில் என்ன இருக்கிறது' என்று சிலர் ஏமாந்துபோகிறார்கள்.

திருமணம் செய்துகொள்ளலாமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் முடியாது. இரண்டு விதைகளும் இல்லாதவரின் திருமணம் செல்லாது என்று ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587இல் ஆணையிட்டார். பாடகர் குழுவில் அண்ணகர்களுக்கு இடம் ஒதுக்கிய அதே திருத்தந்தை, அதற்கு இரண்டே ஆண்டு முன்னால். சிலர் மீறினார்கள். தெந்தூச்சி 1766இல் அயர்லாந்தில் தொரத்தியா மான்செல் என்ற பெண்ணை மணந்தார். பத்து ஆண்டு கழித்து அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது.

பிரான்ஸில் ஏன் இவர்களுக்கு இடமில்லை?

வேர்சாயின் அரச தேவாலயத்தில் இத்தாலியக் காஸ்ட்ராட்டி பாடினார்கள். ஓபரா மேடையில் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கவில்லை. அங்கே நாயகன் குரல் ஓத்-கோந்த்ர் எனப்படும் மிக உயர்ந்த டெனர். ஆகவே 1774இல் குளுக் தன் ஓர்ஃபேயோவைப் பாரிசுக்குக் கொண்டுபோனபோது நாயகன் பகுதியை அந்தக் குரலுக்கு மாற்றி எழுதினார். ஒரே ஓபராவுக்கு இரண்டு நம்பகமான பிரதிகள் இருப்பது இப்படித்தான்.

எப்படி முடிவுக்கு வந்தது?

ஓபராவில் முதலில். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மனித உரிமைப் பேச்சு பரவியது, நெப்போலியன் ஆட்சியில் நேபிள்ஸ் பள்ளிகள் நிலைகுலைந்தன. ரசனையும் மாறியது: காதலன் உண்மையான ஆணாகத் தோன்ற வேண்டும் என்று கேட்டார்கள், டெனர்கள் மேலேறினார்கள். 1830களுக்குப் பின் மேடையில் இவர்கள் இல்லை.

வத்திக்கானில் மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ காலத்தில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. 1903 நவம்பர் 22 அன்று பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, சொப்ரானோ, ஆல்ட்டோ பகுதிகளைச் சிறுவர்களே பாட வேண்டும் என்றது. ஏற்கெனவே குழுவில் இருந்தவர்கள் ஓய்வுபெறும்வரை இருந்தார்கள்.

சிஸ்டைனில் பாடிவந்த வழிபாட்டுப் பாடல் 'மிசெரேரே'யின் உச்ச ஸ்வரம் காஸ்ட்ராட்டி பாடியதுதானா?

இல்லை. அல்லேக்ரியின் 'மிசெரேரே'யை அவர்கள் பாடினார்கள், அலங்காரங்களையும் சேர்த்தார்கள். ஆனால் இன்று பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்த உச்ச 'சி' ஸ்வரம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இசை அகராதிக் கட்டுரையில் நேர்ந்த பிழை. 1831இல் மெண்டெல்சோன் வேறு சுருதியில் குறித்துவைத்த ஒரு துண்டு பழைய பிரதியின் நடுவில் ஒட்டிக்கொண்டது. அழகாக இருந்ததால் நிலைத்துவிட்டது.

உண்மையான காஸ்ட்ராட்டோவின் ஒலிப்பதிவு இருக்கிறதா? எப்படிக் கேட்பது?

தனிப்பாடகராகப் பதிவானவர் ஒருவரே: அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி (1858–1922). சிஸ்டைனின் முதல் சொப்ரானோ. கிராமஃபோன் நிறுவனத்தார் 1902இலும் 1904இலும் வத்திக்கானுக்கே வந்து பதிவு செய்தார்கள். பாக்–குனோவின் 'ஆவே மரியா' அவற்றில் அதிகம் கேட்கப்படுவது, 1904இல் பதிவானது.

முதல்முறை கேட்பவர்கள் பலர் முகம் சுளித்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். மின்சார ஒலிவாங்கி இல்லை. ஊதல் வடிவக் குழாய்க்குள் நேராகப் பாட வேண்டும். உயர்ந்த குரலின் மேல் அதிர்வெண்களைக் குழாய் பிடிப்பதில்லை, எனவே ஒளிரும் பகுதி போய்விட்டது. வெட்டித் திருத்த வழியில்லை, தவறினால் தவறியதே. அவருக்கு அப்போது 43, 45 வயது. ஸ்வரத்துக்குக் கீழிருந்து விம்மலுடன் எழும் பாணி அன்றைய ரோம் வழக்கம்; அவருடைய குறை என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய இசை 18ஆம் நூற்றாண்டு ஓபராவும் அல்ல.

வேகமும் முக்கியம். அக்காலத் தட்டுகளில் '78' என்பது பெயரளவுக்கே. வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும்: 73.6இல் சுழல வேண்டிய தட்டை 78இல் சுழற்றினால் குரல் அரை ஸ்வரம் மேலே, மெல்லியதாக, பதற்றமாகக் கேட்கும். இணையத்தில் உள்ள பதிவு அச்சிட்ட சுருதியோடு ஒத்துப்போகிறதா என்று கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு, வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். நடு ஸ்தாயியில் கனமும் மேலே போகும்போது கூர்மையும் இருப்பது அப்போது தெரியும்.

1994இல் வந்த 'ஃபாரினெல்லி' திரைப்படத்தில் கேட்பது காஸ்ட்ராட்டோ குரல் அல்ல. ஓர் ஆண் கவுண்ட்டர்டெனர் (ஃபால்செட்டோவில் பாடுபவர்), ஒரு பெண் சொப்ரானோ ஆகிய இருவரின் குரல்களைப் பாரிஸின் ஒரு ஒலி ஆய்வு மையத்தில் கணினி மூலம் குழைத்துச் செய்தது.

இன்று இந்த வேடங்களை யாரைப் பாடவைப்பது?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன, மூன்றாவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பெண் மெஸ்ஸோ (சொப்ரானோவுக்குச் சற்றுக் கீழான குரல்) அல்லது சொப்ரானோ. இதுதான் வரலாற்றுக்கு மிக நெருக்கம். காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது ஹாண்டலே பெண்ணைத்தான் போட்டார்: 1720 ஏப்ரலில் 'ராதமிஸ்தோ'வின் நாயகன் வேடத்தைப் பாடியது துராஸ்தாந்தி. டிசம்பரில் செனெசினோ வந்து சேர்ந்ததும் அது அவருக்குப் போனது. கஃபரெல்லி, ஃபாரினெல்லி, கரெஸ்தீனி ஆகிய காஸ்ட்ராட்டிக்கு எழுதிய, விரிந்த எல்லையும் நீண்ட ஓட்டங்களும் உள்ள வேடங்களுக்குப் பெண் குரலே பெரும்பாலும் பொருந்தும்.

கவுண்ட்டர்டெனர். ஃபால்செட்டோவைப் பயிற்சியால் வலுப்படுத்திய ஆண். செனெசினோ, குவாதாஞ்ஞி போன்றோரின் ஆல்ட்டோ வேடங்கள் பலருக்கு நன்றாக உட்காரும். சிக்கல் வருவது கீழ்ப்பகுதியில். ஃபால்செட்டோ மெலிந்து, மார்புக் குரலுக்குத் தாவும்போது ஒட்டுத் தெரியும். தோசி எச்சரித்த அதே இடம். மூச்சும் சீக்கிரம் தீரும், எனவே நீண்ட ஓட்டங்களில் எங்கே மூச்சு வாங்குவது என்பதை ஒத்திகைக்கு முன்பே பென்சிலால் குறித்துவிட வேண்டும். பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) வாத்தியங்களோடு 415 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடினால் இன்றைய 440ஐவிட ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கும். உச்சியில் அது உதவும், அடியில் இன்னும் கஷ்டமாக்கும். பாடகரைத் தேர்வு செய்யும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது, ஒரு ஸ்தாயி இறக்கி டெனருக்கோ, டெனருக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட பாரிடோனுக்கோ கொடுப்பது. 20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் சீசரைப் பாரிடோன்களே பாடினார்கள். குரல் வயலின்களுக்கு மேலே மிதப்பதற்குப் பதில் செல்லோவோடு போய் ஒட்டிக்கொள்ளும், பிருகாக்கள் கனத்துவிடும். எங்கே அதிகம் உடைகிறது என்று பார்க்க, 1643இல் வெனிஸில் அரங்கேறிய 'போப்பேயா' ஓபராவின் இறுதி டூயட்டைக் (இருவர் பாடும் பாட்டு) கேளுங்கள். நீரோவும் போப்பேயாவும் ஒரே உயரத்தில், அடுத்தடுத்த ஸ்வரங்களில் உரசிப் பிரிந்து உரசிச் சேரும்படி எழுதப்பட்டது. நீரோவை டெனருக்கு இறக்கினால் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஏழு, ஒன்பது ஸ்வர இடைவெளிகளாக விலகிவிடும், அந்த உரசல் காணாமல் போகும்.

விதிவிலக்கு, இசையமைப்பாளரே மாற்றியிருந்தால். 1786இல் வியன்னாவில் 'இதொமெனேயோ'வை மறுபடி நிகழ்த்தியபோது இளவரசன் வேடத்தை மோட்சார்ட் டெனருக்குத் திருத்திக் கொடுத்தார். குளுக்கின் பாரிஸ் பிரதியும் அப்படியே. டெனர்தான் வேண்டுமென்றால் அந்தப் பிரதிகளை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓர்ஃபேயோ'வின் 1762 வியன்னா பிரதியில் பாதி, பாரிஸ் பிரதியில் பாதி என்று கலக்கும்போது சுருதி மாற்றங்கள் இடிக்கும், வாத்தியப் பகுதிகளையும் புதிதாக ஒட்ட வேண்டிவரும்.